கடைசித் துறைமுகத்தில் இறங்கிய இரண்டு பேர்

கணவர் வேலை செய்கிற இடத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. துறைமுகத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். கப்பல் கரையை அணையும்போது மேலிருந்து எறிகிற கயிற்றைப் பிடித்து இழுத்து, தரையில் நட்டிருக்கும் இரும்புக் கட்டையில் மாட்டுவது அவர் வேலை. கயிற்றுக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். "மலை மாதிரி கப்பலையே கட்டிப் போடுறேன், உன் வாயைத்தான் கட்ட முடியல" என்று மனைவியைச் சீண்டுவார். உண்மையில் அந்த வீட்டில் வாய் ஓயாதவர் அவர்தான். அவள் ஆஸ்பத்திரியில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்துவிட்டு வந்து, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழந்தைகள் இல்லை.

உல்லாசக் கப்பல் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை துறைமுகத் தொழிலாளர்களுக்குள் சீட்டுக் குலுக்கி, ஒருவருக்கு ஜோடியாகப் போய்வர டிக்கெட் கொடுக்கும். அந்த வருஷம் கயிற்றுக்காரர் பெயர் விழுந்தது.

"திரும்பி வர்ற அன்னிக்குக் காலையில மேல்தளத்துல உன்னை நிக்கவெச்சு, நான் நிக்கிற இடத்தைக் காட்டுறேன் பாரு. கடைசிக் கட்டை என்னோடது" என்றார்.

கப்பல் கிளம்பச் சில வாரங்களே இருந்தன. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகை நிழலில் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கணவரோடு வேலை செய்த மேஸ்திரி வாங்க மறுத்துவிட்டார். "அண்ணன் ஆசைப்பட்டது அண்ணி. நீங்களாவது போயிட்டு வாங்க."

துணைக்குக் கணவரின் தங்கையைக் கூட்டிப் போனாள். அண்ணனைப் போலவே பேச்சு, அதனால் அண்ணனே வைத்த பட்டப்பெயர் ரேடியோ. ரேடியோவுக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். இருட்டியபிறகு ஏறியதால் துறைமுகத்தில் எதுவும் கண்ணில் படவில்லை. கப்பலில் ஒரு சின்ன அறை, இரண்டு கட்டில், ஒரு வட்ட ஜன்னல். ஏசி குளிருக்கே தினமும் சண்டை. ஒருத்திக்கு வியர்த்தால் இன்னொருத்திக்கு நடுங்கும்.

சாப்பாட்டு மேஜையில் அவர்களோடு வயதான ஒரு தம்பதி உட்கார்ந்தார்கள். கடைசித் துறைமுகத்தில் கப்பல் நின்ற காலையில், அந்த அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி சொன்னார்: "நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்காரர்தானே கயிறு பிடிப்பார்? எங்களுக்கும் காட்டுங்க, கை அசைக்கிறோம்."

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். ரேடியோ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்கு வந்ததும் கேட்டாள். "அவங்ககிட்ட என்ன சொல்லிவெச்சிருக்கே?"

"அண்ணனுக்கு லீவு கிடைக்கல, கரையில இருப்பான்னு சொன்னேன்." ரேடியோவின் குரல் இறங்கிவிட்டது. "முதல் நாளே டிக்கெட் விழுந்த கதையைச் சொன்னதும், உங்க அண்ணன் வரலையான்னு கேட்டாங்க. செத்துட்டான்னு சொல்ல வாய் வரல அண்ணி. அப்புறம் நீங்க பக்கத்துல இல்லாதப்போ தினமும் விசாரிச்சாங்க. நானும் தினமும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நல்லா இருந்துச்சு."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. நாளைக் காலை கப்பல் ஊர்த் துறைமுகத்துக்குள் போகும். மேலிருந்து கயிறு விழும். கீழே யாரோ ஒருவர் அதைப் பிடிப்பார். இத்தனை நாள் நினைக்காமல் தள்ளிவைத்தது கண்முன்னே வந்து நின்றது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துணிகளை எடுத்து வைத்தாள்.

"எங்கே அண்ணி?"

"நான் இங்கேயே இறங்கிக்கிறேன். பஸ்ல போயிடலாம். நீ இருந்துட்டு வா."

"நான் மட்டும் இருந்து யாருக்குக் கை காட்ட?" என்று ரேடியோவும் தன் பையை எடுத்தாள்.

மற்றவர்கள் கேமராவும் தொப்பியுமாக ஊர் சுற்ற இறங்கினார்கள். இவர்கள் பெட்டியோடு நின்றதைப் பார்த்து, இறங்குபடியில் இருந்த ஊழியர் குழம்பினார். "இன்னும் ஒரு ராத்திரிதானேம்மா? உங்க ஊர்லயே இறக்கிவிடுவோமே."

"அதனாலதான் தம்பி" என்றாள் அவள். அவருக்குப் புரியவில்லை. ஆனால் பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. வெகுதூரம் போனபிறகு அண்ணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று இவள் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? எல்லாரும் குளிச்சு நல்ல சட்டை போட்டுட்டு வந்திருந்தோம் அண்ணி. கடைசி ஆள் இறங்குற வரைக்கும் மேலேயே பார்த்துட்டு நின்னோம்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படி ஒரு கூட்டம் தனக்காகக் காத்திருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"அவர் இடத்துல யார் நின்னது?"

"நான்தான். வேற யாரையும் விட மனசு வரல."

"மன்னிச்சிடுங்க. அதைப் பார்க்கிற தெம்பு இல்லாமத்தான் இறங்கிட்டேன்."

மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "எங்களுக்கு அது தோணவே இல்லை பாருங்க" என்றார். ரேடியோ கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, துறைமுகத்துக்குள் போக அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்னார். எப்போது வேண்டுமானாலும், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தானே கூட்டிப்போவதாகச் சொன்னார்.

அவள் சரி என்றாள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பினாள். அனுமதி வந்திருக்கிறது என்று மேஸ்திரி இரண்டு முறை ஆள் அனுப்பினார். முதல் முறை காய்ச்சல் என்றாள். இரண்டாம் முறை புடவை மாற்றிக்கொண்டு தெருமுனை வரை போய், பஸ் வந்தும் ஏறாமல் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை.