தெரிந்தே இடித்தது

பள்ளியில் பாடம் நடத்துவதோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும். எங்கள் தீவின் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் ஒரு மாலை, தோசை வார்த்துக்கொண்டே, நிலவில் வேண்டுமென்றே விண்கலத்தை மோதவிடுவதைப் பற்றி என் வீட்டுக்காரரிடமும் சொல்லித் தொலைத்தேன். நம்மவர்கள் அனுப்பிய பெட்டி ஒன்று, விழும் வழியெல்லாம் அளந்து சொல்லிவிட்டுத்தான் தென்துருவத்தின் பக்கம் மோதி நொறுங்கியது. வேறு நாட்டார் மோதவிட்டு, கிளம்பிய தூசியில் தண்ணீர் தேடினார்கள்.

அவர் ஒரு ஒப்பந்தக்காரரின் சரக்குப் படகை ஓட்டும் சாரங்கு. ஜெட்டியில் படகு லேசாக உரசினாலே அன்று அவருக்குச் சோறு இறங்காது. "எங்க மோதணும்னு முன்னாடியே முடிவு பண்ணிருவாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த மாதமே பாம்பூஃப்ளாட் ஜெட்டியை நெருங்கும்போது கியர் சிக்கிக்கொண்டது. ரிவர்ஸ் விழவில்லை. எதிரே ஒரு சின்ன டிங்கிப் படகு. இவர் சுக்கானைத் திருப்பி, ஜெட்டியில் ஆளில்லாத மூலையாகப் பார்த்து இடித்தார். யாருக்கும் கீறல்கூட இல்லை. படகின் மூக்குதான் அப்பளமாக நொறுங்கியது. டிங்கிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

விசாரணைக்கு வந்த வங்காளி அதிகாரி நல்ல மனிதர். எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, எதிர்பாராத விபத்து என்று சொன்னால் போதும், லைசென்ஸ் தப்பும் என்று இந்தியில் பொறுமையாக எடுத்துச் சொன்னார். என் சம்பளத்தில் அடுப்பு எரியும். ஆனால் படகில்லாத இந்த மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? விபத்து, விபத்து என்று வழியெல்லாம் ஓதினேன்.

மறுநாள் விசாரணையில் இவர் எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்று, "ஜான் பூஜ்கே மாரா, சாப்" என்றார். தெரிந்தேதான் இடித்தேன். அதோடு விட்டாரா? நிலவிலும் இப்படித்தான் இடிக்கிறார்கள், என் மனைவி டீச்சர், அவளைக் கேளுங்கள் என்று என்னை வேறு கைகாட்டினார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தித் தீர்த்தேன். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் வாய் வலிக்குமா என்று கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"விபத்துன்னா நான் பாக்காம ஓட்டினேன்னு ஆயிரும். டிங்கியில இருந்த புள்ளைங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் திருப்பினேன்."

பிள்ளைகள் இருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்கே தெரியும். அதை அங்கே சொல்லாமல், நிலவைப் போய்ச் சொல்லியிருக்கிறார்.