கடைமடைக்காரர் செய்த குலுக்குப் பலகை

வலது கை அரத்தைத் தள்ள, இடது கையின் பெருவிரல் அதன் பின்னாலேயே போய்த் தடவிப் பார்த்தது. ஆள் உயரத்துக்கு நிறுத்தியிருந்த இரும்புத் தகட்டில் மேலிருந்து கீழாக வரிசையாகப் பிளவுகள். ஒவ்வொன்றும் ஒரு பித்தளைப் பட்டை நுழையும் அகலம். அறுத்த இடத்தில் கண்ணுக்குத் தப்பிய பிசிறு இருந்தால் பெருவிரல் அங்கே நின்றுவிடும். அரம் திரும்பி வரும். மறுபடி தடவல். பிறகு ஒரு பட்டையை எடுத்து நுழைத்து, அதையே தலைகீழாகத் திருப்பியும் நுழைத்து, உருவிக்கொண்டு அடுத்த பிளவுக்குப் போயின அந்தக் கைகள்.

"ஏனுங் மச்சான், லாரிக்குக்கூட இத்தன மெனக்கெட மாட்டீங்களே?" என்றான், பட்டறை வாசலில் மொபெட்டை நிறுத்திய குருமூர்த்தி. "ஒரு பட்டை சித்த இறுக்கமா இருந்தாத்தான் என்ன?"

"இறுக்கமா இருந்தா மாட்டறவன் ரெண்டு தட்டு தட்டுவான் மாப்ளெ. தட்டுனா பலகை ஆடும். பலகை ஆடுனா குழாய்க்குள்ள இருக்கற குண்டும் ஆடும். உட்டுருவனா?"

கைகளுக்குச் சொந்தக்காரர் மதியழகன். நாமக்கல்லைச் சுற்றி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் அவர் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. அவர் மாட்டிய கதவை அறைந்து சாத்த வேண்டியதில்லை. விரலால் தள்ளினால் போதும். குஜராத்துக்கும் அசாமுக்கும் ஓடும் டிரைவர்கள் பல வருஷம் கழித்து வந்து, "கதவு இன்னும் அப்பிடியே இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் எழுந்து போய்க் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு வருவார்.

படிப்பு எட்டாவதோடு நின்றது. பட்டறைக்கு எதிரே இருக்கும் கிளை நூலகத்துக்கு அவர் முதலில் போனது மத்தியான வெயிலில் மின்விசிறிக்காகத்தான். விசிறியின் கீழே சும்மா உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டுக் கையில் கிடைத்ததை எடுத்தார். அப்படிக் கிடைத்ததில் ஒன்று அட்டை போன ஒரு தடித்த புத்தகம். பழைய கிரேக்க நகரங்களில் சட்டம் எப்படி வந்தது, யார் ஆண்டார்கள், எப்படி வாழ்வது நல்ல வாழ்வு என்று அவர்கள் எதையெல்லாம் யோசித்தார்கள் என்பதைச் சொல்வது. அதில் ஓர் இடம் அவரைப் பிடித்துக்கொண்டது. வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனாராகிறான். நேர்மையும் அப்படியே, செய்து செய்துதான் வரும் என்று அந்த நாட்டு அறிஞர் ஒருவர் சொன்னாராம். மதியழகனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பற்றவைத்துப் பற்றவைத்துத்தான் தன் கை நிற்கப் பழகியது என்று அவருக்குத் தெரியும். குணத்துக்கும் கைக்கும் ஒரே பாடம் என்பதுதான் புதிது. அன்று சாயங்காலம் வரை பட்டறையில் அதையே நினைத்துக்கொண்டு வேலை செய்தார்.

இன்னோர் இடத்தில் ஒரு படம் இருந்தது. ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் நீதிமன்றத்துக்கு ஆள் எடுத்த கல் பலகை. பலகையில் வரிசையாகப் பிளவு, பிளவில் பேர் எழுதிய பட்டை, பக்கத்தில் ஒரு குழாய். குழாயில் மேலே வெள்ளையும் கருப்புமாகக் குண்டுகளைக் கொட்டுவார்கள். மேல் வரிசை தொடங்கி, வரிசைக்கு ஒன்றாகக் கீழே விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசைக்குப் பொறுப்பு. கருப்பென்றால் வீட்டுக்குப் போகலாம். கைதூக்கச் சொன்னால் பெரிய ஆளுக்குத்தான் கை தூக்குவோம், குலுக்கினால்தான் எல்லாருக்கும் முறை வரும், ஆளவும் ஆளப்படவும் மாறி மாறிப் பழகியவனே குடிமகன் என்பது அவர்கள் கணக்கு.

படத்தைப் பார்த்ததும் மதியழகனுக்கு ஊர் வாய்க்கால் நினைவுக்கு வந்தது. காவிரியிலிருந்து மோகனூர்ப் பக்கம் வரும் வாய்க்காலில் பிரியும் சின்னக் கிளை அது. கோடையில் தண்ணீர் குறைந்தால் மடைக்கு மடை முறை வைத்துத் திறக்கவேண்டும். யாருக்கு எப்போது என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட முறைக் கமிட்டி உண்டு. கைதூக்கி எடுப்பதுதான் வழக்கம். தலைமடைக்காரர்களுக்கு வாழையும் வெற்றிலையும் அதிகம், ஆளும் அதிகம், கையும் அதிகம். அதனால் கமிட்டி எப்போதும் அவர்களுடையது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்போது வாழை பாதி காய்ந்திருக்கும். மதியழகனின் நிலமும் குருமூர்த்தியின் நிலமும் கடைமடையில்தான்.

ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்து பலகையைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கமிட்டித் தலைவர் நாச்சிமுத்து, தலைமடைக்காரர், வாய்க்காலின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர், சிரிக்காமல் ஒன்று கேட்டார்.

"மதி, நீ பாடி கட்டி உடற லாரிக்கு டிரைவரக் குலுக்கிப் போட்டா எடுக்கறாங்க?"

கூட்டம் கைதட்டியது. மதியழகன் அது ஓயும்வரை நின்றார்.

"நல்ல கேள்விங்ணா. கப்பல் ஓட்டறவனக் குலுக்கி எடுப்பீங்களான்னு அந்த ஊர்லயே ஒருத்தர் கேட்டிருக்கறாரு."

"அப்பறம்? பதில் சொன்னாங்களா இல்லியா?"

"படைத் தலைவர் மாதிரி வேலை தெரிஞ்சு செய்யவேண்டியதுக்கு அவங்களும் கைதூக்கித்தான் எடுத்தாங்க. இன்னொண்ணும் சொல்லிப்போடறனுங்க, மறைக்கக்கூடாது. ஊர்த் தண்ணி ஊற்றுகளப் பாத்துக்கறவரையும் கைதூக்கித்தான் எடுத்தாங்க."

"அட்ரா சக்கை! உன்ற புஸ்தகமே என்ற பக்கந்தான் பேசுது!"

"ஆமாங்க. அதனால மதகு, கரை, தூர் வாரறது அல்லாம் நீங்களே பாருங்க. உங்களுக்கு மொதக் கை நான் தூக்கறேன். யாருக்கு எப்பத் தண்ணின்னு சொல்றதுக்கு வேலை தெரிய வேண்டியதில்லீங்க. மனசு கோணாம இருந்தாப் போதும். அது அல்லாருக்கும் வரும்."

சிரிப்பு நின்றுபோயிருந்தது. கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. கடைசியில் ஒரு கோடைக்குப் பார்க்கலாம் என்றார்கள். நாச்சிமுத்து மட்டும் விரலை நீட்டினார்.

"செய்யறது நீ. நீ கடைமடைக்காரன். பலகைல கோளாறு இருந்துச்சுன்னு தெரிஞ்சுது, அப்பறம் எந்த ஜென்மத்துலயும் இந்தப் பேச்ச எடுக்கக்கூடாது. ஒத்துக்கறயா?"

"ஒத்துக்கறனுங்ணா. கூட்டத்து முன்னாலயே கழட்டிக் காட்டறேன்."

பலகையின் பிசிறெல்லாம் போனபின் அவர் குழாயை மாட்டினார். மேலே ஒரு புனல். கீழே ஒவ்வொரு குண்டாக விடும் ஒரு சின்னத் தடுப்பு. தடுப்பைத் திருப்ப, உடைந்த லாரிக் கதவிலிருந்து எடுத்த கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. கருப்புக்குப் பழைய பேரிங்கின் இரும்புக் குண்டுகள். எண்ணெயில் காய்ச்சிக் கறுக்க வைத்திருந்தார். வெள்ளை ஐந்தும் லேத்தில் கடைந்த நைலான். அளவு எல்லாம் ஒன்று, கருவி வைத்துப் பார்த்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் களத்தில் வைத்துச் சோதனை. குருமூர்த்தி பட்டைகளை மாட்டினான். தலைமடைக்காரர் பேர் மேலே, அதற்கடுத்த மடை அதற்கடுத்து, கடைமடை அடியில். அப்படி மாட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அந்த ஊரில் கூட்டத்துக்கு உட்கார்ந்தாலும், கோயிலுக்கு வரி எழுதினாலும், பந்தியில் இலை போட்டாலும் மடை வரிசைதான். மதியழகனின் கண்ணுக்கும் அது உறுத்தவில்லை. புனலைக் குலுக்கினார்கள். கைப்பிடி திரும்பியது. கருப்பு, கருப்பு, கருப்பு. அடியில் இருந்த கடைமடைப் பேர்களுக்கு வந்தபோதுதான் வெள்ளைகள் விழுந்தன. குருமூர்த்தி விசிலடித்தான்.

மறுபடி குலுக்கினார்கள். மறுபடியும் கருப்பு மேலே, வெள்ளை கீழே. மூன்றாம் தடவையும் அப்படியே ஆனதும் மதியழகன் கைப்பிடியை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார், புனலுக்குள் விரல் விட்டுப் பார்த்தார். பிடிபடவில்லை.

முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கோகிலவாணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, குலுக்குனா கனமா இருக்கறது அடிக்குத்தான் போகும். இரும்பையும் பிளாஸ்டிக்கையும் ஒண்ணாப் போட்டா வேறென்ன ஆகும்? முன்னால விழுகறது இரும்பு. மேல மொதக்கற வெள்ளை கடைசிலதான வரும்?"

மதியழகன் முறத்தைப் பார்த்தார், புனலைப் பார்த்தார். அளவைப் பார்த்தவர் எடையைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்து கோணலாக எதுவும் வெளியே போனதில்லை, இது போகவிருந்தது.

"மச்சான்," குருமூர்த்தியின் குரல் தாழ்ந்தது. "அப்படியே உட்ருங்க."

"என்ன மாப்ளெ சொல்ற?"

"எவனுக்குந் தெரியாது. கூட்டத்துல கழட்டிக் காட்டுனாலும் குண்டுதான், குழாய்தான். அவிகளே மடை வரிசைல மாட்டுவாங்க. நாம ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். இத்தன காலம் அவிக தின்னாங்க. ஒரு கோடை, ஒரே ஒரு கோடை நம்ம வாழை நிக்கட்டுமே. இதுவும் நியாயந்தானுங்க?"

போன சித்திரையில் ஒடிந்து விழுந்த தன் வாழைகள் மதியழகனுக்கும் நினைவிருந்தன. கடைமடைக்கு ஒரு கமிட்டி வாய்த்தால் அது தப்பென்று யார் சொல்லமுடியும்? எழுந்து பலகையைச் சுற்றி நடந்தார். வேலை முடிந்த லாரியை அப்படித்தான் சுற்றிவருவார்.

"நியாயமா இல்லியான்னு எனக்குத் தெரியல மாப்ளெ. கோணல்னு தெரியும். கோணலாச் செஞ்சு பழகுன கை அப்பறம் நேராச் செய்யாது."

"நேரான பலகைல நம்ம பேரு ஒண்ணுகூட வராமப் போனா?"

"போகட்டும். அடுத்த கோடைக்கு மறுபடி குலுக்குவாங்க இல்ல?"

குருமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மொபெட் கிளம்பிய சத்தத்திலேயே அவன் கோபம் தெரிந்தது.

மதியழகன் ஒரே நைலான் கம்பியிலிருந்து எல்லாக் குண்டுகளையும் புதிதாகக் கடைந்தார். ஐந்தை வெள்ளையாக விட்டு மீதியைக் குமாரபாளையத்துச் சாயப்பட்டறையில் வாங்கிவந்த கருப்புச் சாயத்தில் வேகவைத்தார். பெயிண்ட் அடித்தால் பூச்சின் கனம் கூடும். சாயம் ஊறும், கூட்டாது. வெந்தது கோகிலவாணியின் பழைய அலுமினியக் குண்டானில். "அதுல இனி சாயந்தான் குடிக்கணும்" என்றாள். ஆனாலும் அடுப்பை அவள்தான் பார்த்துக்கொண்டாள். காய்ந்தபின் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று முள் அசையவில்லை. களத்தில் மறுபடி குலுக்கினார்கள். வெள்ளை முதலில் வந்தது, நடுவில் வந்தது, கடைசியிலும் வந்தது. பொழுது சாயும்வரை குலுக்கிக்கொண்டே இருந்தார். கோகிலவாணி சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள்.

கூட்டத்தன்று பலகையை லாரியில்தான் கொண்டுவந்தார்கள். மாரியம்மன் கோயில் மைதானத்தில் இறக்கி நிறுத்தியதும் பெண்கள் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். "புனலுக்கு மட்டும் வேண்டாமுங்க, குண்டு ஒட்டிக்கும்" என்று கோகிலவாணி காவல் நின்றாள். குருமூர்த்தியும் வந்திருந்தான், கூட்டத்தின் கடைசியில்.

மதியழகன் சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றிக் காட்டினார். குழாய், தடுப்பு, புனல். பிறகு, யாரும் கேட்காமலே, ஒரு துணிப்பையை அவிழ்த்து இரும்புக் குண்டுகளையும் பழைய வெள்ளைகளையும் புனலில் கொட்டிக் குலுக்கினார். கருப்பாக விழுந்துகொண்டே போய்க் கடைசியில் வெள்ளை விழுவதை ஊரே பார்த்தது.

"மொதல்ல செஞ்சது இதுங்க. மடை வரிசைல மாட்டிக் குலுக்கிப் பாத்தேன். அல்லாம் எங்க கடைமடைக்கே வந்துச்சு. தெரியாமச் செஞ்ச தப்பு. இப்ப எடை ஒண்ணு. பட்டைகளையும் மடை வரிசைல மாட்ட வேண்டாம், கலைச்சுப்போட்டு மாட்டுங்க. ஆளாளுக்குச் சோதிச்சுப் பாருங்க."

நாச்சிமுத்து ஓர் இரும்புக் குண்டையும் ஒரு நைலான் குண்டையும் இரண்டு கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"ஏப்பா, இதச் சொல்லாம உட்டிருந்தா எங்களுக்கென்ன தெரியப்போகுது?"

"அதத்தானுங்க நானும் கரடியாக் கத்துனேன்!" என்று பின்னாலிருந்து குருமூர்த்தி கத்த, கூட்டம் வெடித்துச் சிரித்தது. நாச்சிமுத்துவும் சிரித்துவிட்டார். குருமூர்த்தி தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்து, பித்தளைப் பட்டைகளைச் சாக்கில் போட்டுத் தானே கலைக்கத் தொடங்கினான்.

எல்லாருடைய கையும் பட்ட பட்டைகள் பலகையில் ஏறின. தலைமடைப் பேருக்குக் கீழே கடைமடைப் பேர், அதற்குக் கீழே நடுமடை. அந்த ஊரின் பெயர்கள் அப்படிக் கலந்து நின்றதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. எந்தப் பட்டையும் தட்டாமல் நுழைந்தது. மதியழகன் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

பிறகு கைப்பிடியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து, நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"இந்தாங்ணா, நீங்களே மாட்டித் திருப்புங்க. இனி இது ஊர்ச் சொத்து."

நாச்சிமுத்து துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.