மூன்று இருபத்தாறுக்கு எடுத்த படம்

"இந்தப் பிள்ளையோட அம்மாவை உள்ள விடுங்க சார்."

கொடைக்கானலில் அந்த ஸ்கேன் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, இதை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கேட்டேன். இனி நான் சொல்வது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எக்ஸ்ரே படித்தவள். இருட்டைப் பார்த்து உளறுகிற ஆள் இல்லை.

"ஒரு டிகிரி வாங்கிட்டா நீ டாக்டரா சௌம்யா? சோலியப் பாரு" என்றார் டாக்டர் பழனிக்குமார். கதவைத் தானே தாழிட்டார்.

மேசையில் கிடந்த ஹெப்சிபாவுக்கு நாலு வயது. ஊர் பேத்துப்பாறை. மாதம் தவறாமல் சிறுநீரில் கிருமி, காய்ச்சல். சிறுநீர் மேலே ஏறிக் கிட்னியைக் கெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய குழாய் வழியாக, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் சிறுநீர்ப்பையில் ஏற்றி, அவள் மேசையில் படுத்தபடியே சிறுநீர் போகும்போது படம் எடுக்க வேண்டும். அந்த நொடி தப்பினால் இன்னொரு நாள் மறுபடியும் குழாய்.

மதியம் 3.10. மருந்து நிறைந்துவிட்டது. அவளுக்குச் சிறுநீர் போகவில்லை. வீறிட்டு அழுதாள். கதவுக்கு வெளியே அவள் அம்மாவும் அழுதாள். நானும் டாக்டரும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். அவர் அங்கிருந்தே அதட்டினார்.

3.26.

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

பிள்ளைகளை ஒன்றுக்குப் போக வைக்கத் தாய்மார் எழுப்புவார்களே, அந்தச் சத்தம். கை கழுவும் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். மூடியிருந்தது. வெளியே அம்மாவின் அழுகை நிற்கவில்லை.

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

அறைக்குள்ளிருந்து.

ஹெப்சிபா அழுகையை நிறுத்தினாள். வலப்பக்கம் திரும்பினாள். சிரித்தாள்.

ஒன்றுக்குப் போனாள்.

பட்டனை அழுத்தினேன்.

திரையில் இடது கிட்னி வரை மருந்து ஏறியிருந்தது. அவள் இடுப்பருகே... கை எலும்புகள். பெரியவர்களின் கை. சுண்டு விரல் மட்டும் நொறுங்கி.

"அதை வெட்டிட்டு பிரிண்ட் போடு. ஒரிஜினலை அழிச்சிரு."

அது என்னவென்று டாக்டர் கேட்கவே இல்லை.

தரை துடைக்க வந்த கித்தேரியம்மாளிடம் கேட்டேன். துடைப்பதை நிறுத்தாமல் சொன்னாள்.

"ஆறு வருசம் இருக்கும். இதே மேசைல ஒரு பிள்ளைக்கு மருந்து ஒத்துக்கல. போயிருச்சு. ஆத்தாக்காரி கதவ விட மாட்டேன்னா. இந்த டாக்டருதான் இழுத்துச் சாத்துனாரு. சுண்டு விரலு நசுங்கிப்போச்சு. பதினாறாம் நாளு அவளும் போயிட்டா."

அடுத்த பிள்ளையைக் கூப்பிடச் சொல்லி டாக்டர் மணியடித்தார்.

நான் படத்தை வெட்டவில்லை. முழுசாகப் பிரிண்ட் எடுத்து ஹெப்சிபாவின் அம்மா கையில் கொடுத்தேன். பிள்ளையை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வெரசா கொண்டுபோகச் சொன்னேன்.

"இப்ப வெளிய போனா திரும்பி வர முடியாது சௌம்யா."

டாக்டர் அதைச் சொல்லி முடிக்கும்போது நான் பாதிப் படி இறங்கியிருந்தேன்.