விற்பனைக்கல்லாத அம்பயர்

குருநகர் மீன் சந்தையில் ஏலம் கூறிவந்த சூசைதாசனுக்கு இரண்டு விதமான தொண்டை இருந்தது. மற்ற வியாபாரிகள் விலை கேட்டால் "ஒருதரம்…" என்று இழுப்பார். வெற்றிலையை ஒரு கன்னத்துக் கொடுப்புக்குள் ஒதுக்குவார். வானத்தைப் பார்ப்பார். பிறகுதான் "ரெண்டுதரம்…" வரும். அதற்குள் விலை ஏறிவிடும். ஆனால் மனைவியின் தமையன் பிலிப்பு, கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஒற்றை விரலைத் தூக்கினால் போதும். "ஒருதரம்ரெண்டுதரம்மூண்டுதரம்" என்று ஒரே மூச்சில் எல்லாம் முடிந்துவிடும். சூசைதாசனின் சுட்டுவிரலும் தானாக மேலே போகும். பாரை மீன் பிலிப்பின் கூடைக்குள் விழும். இது சந்தையில் எல்லோருக்கும் தெரியும். பிலிப்பின் வாய்க்குப் பயந்து ஒருவரும் கதைப்பதில்லை.

தொண்ணூறாம் ஆண்டில் சண்டை மறுபடி தொடங்கியதும் கடலுக்குப் போகத் தடை வந்தது. கரையோரத்தில் அகப்பட்ட நாலு திரளி மீனுக்கும் ஒரு பிடி கூனி இறாலுக்கும் ஏலம் எதற்கு? சூசைதாசனின் தொண்டைக்கு வேலையில்லாமல் போயிற்று. சந்தையில் வேலையில்லாத தொண்டை வீட்டில் வேலை பார்க்கும் என்பதை அவருடைய மனைவி மார்கிரட் விரைவிலேயே கண்டுகொண்டாள். உப்புக் கூடினால் ஒரு சத்தம், குறைந்தால் இரண்டு சத்தம். பொறுக்க முடியாமல் அவள் பங்குச் சுவாமியாரிடம் போனாள்.

"சுவாமி, உந்த மனிசனுக்கு ஏதாவது வேலை குடுங்கோ. கோயில் மணி அடிக்கிறதெண்டாலும் காரியமில்லை."

மணி அடிக்க ஆளிருந்தது. இளைஞர் சங்கத்தின் மென்பந்துக் கிரிக்கெட்டுக்குத்தான் அம்பயர் இல்லை. முன்பு நின்றவர் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போய்விட்டார். அந்த நாளில் வசதியிருந்தவர்கள் எல்லோருமே ஆட்டத்தின் நடுவில் அப்படித்தான் கழன்றுகொண்டிருந்தார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. சூசைதாசன் அம்பயரானார்.

அவர் படித்த சட்டம் மூன்றுதான். கையை விரித்தால் வைட். இரண்டு கையையும் தூக்கினால் ஆறு ஓட்டம். ஒற்றை விரலைத் தூக்கினால் அவுட். சுட வரும் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால் அந்தப் பந்து கணக்கில்லை என்ற நாலாவது சட்டம் அவராகவே போட்டது. அதில் மட்டும் அவருடைய தீர்ப்பை எவரும் ஆட்சேபித்ததில்லை, ஏனென்றால் ஆட்சேபிக்க மைதானத்தில் ஆள் இருக்காது.

மற்றத் தீர்ப்புகளைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது. ஆனாலும் சொல்கிறேன். பந்து வீசியவன் "அவுட்டோ?" என்று கத்தினால் நம்முடைய அம்பயர் "ஒருதரம்…" என்று இழுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தைப் பார்ப்பார். அங்கிருந்து "இல்லை!" என்று அதைவிடப் பெரிய சத்தம் வந்தால் இல்லை. வராவிட்டால் அவுட். இரண்டாவது கிழமையே சங்கத்துப் பெடியள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பந்து எறியத் தெரியாதவனையெல்லாம் தொண்டைக்காக அணியில் சேர்த்தார்கள்.

அம்பயருக்கு வெள்ளை மேற்சட்டை வேண்டுமே. துணிக்கு எங்கே போவது? நிவாரணத்துக்கு வந்த கோதுமை மா மூட்டையின் சாக்கைப் பிரித்து மார்கிரட் தைத்தாள். முதுகில் நீல நிறத்தில் பெரிய ஆங்கில எழுத்துகள் இருந்தன. சாம்பல் போட்டுக் கிழமைக்குக் கிழமை உரஞ்சினாள். அவை அசையவில்லை. அவளுக்கும் ஆங்கிலம் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவர் திரும்பி நடக்கும்போதெல்லாம் பெடியள் ஏன் சிரித்தார்கள் என்பதும் தெரியாது. மரியாதையில் வருகிற சந்தோசம் என்று நினைத்துக்கொண்டார்.

மனிதருக்கு மெல்ல மெல்ல ஆசை பிடித்தது. பாடசாலைப் போட்டிகளுக்கும் அம்பயராக வேண்டும். அங்கே மாணவர்கள் வாத்தியாரை அழைப்பதுபோல "சேர்" என்பார்கள். பிறந்ததிலிருந்து "டேய்" என்றும், வளர்ந்தபின் "ஏலக்காரன்" என்றும் கேட்ட காதுக்கு அந்த ஒரு சொல் போதும். பாடசாலைப் போட்டிகளை நடத்திய இணுவில் சோமசேகரம் மாஸ்டர், பங்குக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தை வந்து பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் சூசைதாசனை எடுப்பதாகவும் சுவாமியாரிடம் சொல்லியிருந்தார்.

இறுதி ஆட்டம் குருநகருக்கும் மயிலிட்டிக்கும். மயிலிட்டி என்றால் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு முகாமில் இருந்த பெடியள். குருநகரின் கப்டன் வின்சன்ற், பிலிப்பின் மகன். அன்று காலையே பிலிப்பு வந்து வாசலில் நின்றார்.

"மச்சான், கப்பை அவங்களுக்குக் குடுத்தால் எங்கை கொண்டுபோய் வைப்பாங்கள்? முகாமிலை தலைமாட்டிலையோ? பாத்துச் செய்யும். நீர் இருக்கிற வீடு ஆரின்ரை எண்டும் ஒருக்கால் நினைச்சுப் பாரும்."

வீடு பிலிப்பினுடையது. சீதனமாகத் தருவதாகச் சொன்ன வீடு, எழுதிக் கொடுக்காமல் சொல்லோடு நின்றது. சூசைதாசன் மத்தியானம் வரை யோசித்தார். 'சேர்' என்ற சொல்லுக்குள் குடியிருக்க முடியாது. வின்சன்ற்றுக்கு மட்டும் விரலைத் தூக்குவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

ஆட்டம் கடைசி விக்கெற் வரை வந்துவிட்டது. குருநகர் வெல்ல இரண்டு ஓட்டம் வேண்டும். மட்டை வின்சன்ற்றின் கையில். தட்டிவிட்டு ஓட்டத்துக்காக அம்பயர் நின்ற பக்கம் பாய்ந்து வந்தான். மயிலிட்டிக் கப்டன் சிமியோன் பந்தைப் பொறுக்கி நேரே எறிந்தான். அம்பயரின் காலடியில் விக்கெற் சிதறியது. வின்சன்ற் அப்போது ஒரு முழம் வெளியே. "அவுட்டோ?" என்று முகாம் முழுவதும் எழுந்து கத்தியது.

சூசைதாசன் வழக்கம்போல் மற்றப் பக்கத்தைப் பார்த்தார். எல்லைக் கோட்டில் கூட்டத்துக்குப் பின்னால் பிலிப்பு நின்றார். காலையில் சொன்னதை மறந்துவிடாதே என்று வெருட்டுவதற்காக ஒற்றை விரலைத் தூக்கி ஆட்டினார்.

அவ்வளவுதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

"ஒருதரம்ரெண்டுதரம்மூண்டுதரம்!"

ஒரே மூச்சு. சூசைதாசனின் சுட்டுவிரல் வானத்தில் நின்றது. அதை அங்கே கண்ட முதல் ஆள் சூசைதாசன்தான். இறக்கப் பார்த்தார். அதற்குள் மயிலிட்டிப் பெடியள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். சிமியோன் அழுதுகொண்டிருந்தான். ஊர் போன பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் பொருள் அந்தத் தகரக் கிண்ணம்.

சோமசேகரம் மாஸ்டர் வந்து கையைப் பிடித்தார்.

"சொந்த மருமகனுக்கே அவுட் குடுத்திட்டியள். உங்களைப் போல ஒராளைத்தான் தேடினனான், சேர். முதுகிலை எழுதியிருக்கிறதும் சரிதான்."

"என்ன எழுதியிருக்கு?"

"விற்பனைக்கல்ல எண்டு."

ஞாயிறு பூசையில் சுவாமியார் பிரசங்கமே வைத்தார். நீதிமானைப் பெற்ற குடும்பம் என்று பிலிப்பையும் சேர்த்துப் புகழ்ந்தார். பிலிப்பு பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பூசை முடிந்து கை கொடுத்தவர்களிடம், "எங்கடை குடும்பத்திலை எல்லாரும் அப்பிடித்தான்" என்றார். ஊரே மெச்சுகிற நீதிமானை வீட்டை விட்டு எழுப்ப அவரால் முடியவில்லை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது. காகத்துக்கு மாலை போட்டார்கள்.

அன்று மத்தியானம் மார்கிரட் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, வின்சன்ற் உண்மையாய் அவுட்டோ?"

"ஆருக்குத் தெரியும்? நான் விக்கெற்றைப் பாக்கேல்லை. உன்ரை அண்ணையின்ரை விரலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

மார்கிரட் இன்னும் ஓர் அகப்பை சோறு வைத்தாள்.

"உந்தக் கதையை வேறை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ, சேர்" என்றாள்.

பிறகு மேற்சட்டையைத் தோய்க்க எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கொலரைக் கசக்கினாள், கையைக் கசக்கினாள். முதுகில் மட்டும் கை வைக்கவில்லை.