இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் நான்கு

பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி, அளவுகோலை வரிவரியாக ஏற்றியபடி மேல்நோக்கி வாசித்துக்கொண்டு வருகிறார். பள்ளிப் பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எங்களுக்கெல்லாம் பிழையக்கா. ஏன் இப்படித் தலைகீழாக என்று கேட்டால், "நேரா படிச்சா விஷயத்துல மயங்கிடுவோம்ப்பா, தப்பு தப்பிச்சுடும்" என்பார். படம் வரைகிற எனக்கு எதிர் மேசை. நான் வரைந்த மாட்டுக்கு ஐந்து கால் இருந்ததைக் கண்டுபிடித்தவரும் அவரே.

எதைப் பார்த்தாலும் அக்காவுக்கு இரண்டு கேள்விகள். கடை யாருடையது? அங்கே எதிர்த்துப் பேச முடியுமா? இரண்டையும் போட்டுக் குழப்பினால் அவருக்குப் பிடிக்காது. தன் வீட்டைப் பற்றிச் சொல்வார்: "வீடு எங்க வீட்டுக்காரர் பேருலதான். ஆனா யாரும் எதிர்த்துப் பேசலாம். நான் பேசுவேன், பொண்ணு பேசுவா. நாங்க மூச்சு விடற நேரத்துல அவரும் பேசுவாரு."

நேற்று சமூக அறிவியல் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கம் வந்தது. அதில் இரண்டு பெட்டிகள். இடப்பக்கம் பொருளாதார முறைகள்: முதலாளித்துவம், சமதர்மம். வலப்பக்கம் அரசியல் முறைகள்: குடியாட்சி, முடியாட்சி, ராணுவ ஆட்சி, பாசிசம். இரண்டும் நாலும் கண்ணை உறுத்துகிறதென்று பக்கம் வடிவமைப்பவர் பாசிசத்தைத் தூக்கி இடப்பக்கம் வைத்துவிட்டார். மூன்றுக்கு மூன்று, பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

மேலாளர் வந்தார். இயந்திரம் காத்திருக்கிறது, பிள்ளைகள் பரீட்சைதானே எழுதப்போகிறார்கள், நாட்டையா ஆளப்போகிறார்கள் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார். அக்காவின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டியவர் இந்த மேலாளர்தான்.

"பாசிசத்துல கடை முதலாளி பேருலயே இருக்கலாம் சார். ஆனா அவரும் வாயைத் திறக்க முடியாது. அது ஆளற விதம். அதைக் கொண்டுபோய் இந்தப் பக்கம் வச்சா, கடை யாருதுங்கறதுதான் விஷயம்னு பிள்ளைங்க நினைச்சுக்கும். வாயைக் கட்டினதை யாரும் கேக்க மாட்டாங்க."

மேலாளரின் குரல் மாறியது. "இங்க நான் சொல்றதுதான். எதிர்த்துப் பேசற வேலையெல்லாம் வேண்டாம்."

அறையில் எல்லாரும் அவரவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நானும் தாளைத்தான் பார்த்தேன்.

அக்கா சிவப்புப் பேனாவால் பாசிசத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அங்கிருந்து வலப்பக்கப் பெட்டிக்கு ஓர் அம்பு இழுத்தார். வழக்கமாக ஓரெழுத்தைக் கிறுக்கி நகர்த்திவிடுபவர், இந்த முறை தன் முழுப்பெயரையும் நிறுத்தி எழுதி, தாளை இரண்டு கையாலும் மேலாளரிடம் நீட்டினார்.