ஒன்பது மணிக்குள் அடிக்க வேண்டிய உப்பு

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் வீரம்மாவின் பொறுப்பில் மூவாயிரம் தேயிலைச் செடிகள் இருந்தன. செடி தோட்டத்துடையது, பராமரித்துக் கொழுந்தெடுத்துக் கொடுப்பது அவள் வேலை; எடைக்குக் காசு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டியதில்லை. நினைத்த நேரம் லயத்து வீட்டுக்கு ஓடி வரலாம். அதற்காகத்தான் கேட்டு வாங்கினாள். புருஷன் இராமையா பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடம். இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் உடம்பு புண்ணாகிவிடும்.

ஆனியில் செடிகளின் கீழ் இலைகள் மஞ்சளாயின; நரம்பு மட்டும் பச்சை. வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஜீவராஜ் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார்.

"மக்னீசியம் பத்தல வீரம்மா. உப்புத் தாறேன், தண்ணியில கரைச்சு இலையில அடிங்க. முதுகுல மாட்டுற டாங்கியில பத்து டாங்கி வரும். வெள்ளிக்கிழம தோட்டத் தொர பாக்க வாறாரு. அடிக்காம கெடக்குற செடிய வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. அப்புறம் என்னைய ஏசாதீங்க."

"எப்ப அடிக்கிறது ஐயா?"

"பனி காஞ்சதும் தொடங்கி ஒம்போதுக்குள்ள முடிச்சிருங்க. உச்சி வெயில்ல அடிச்சா இலை கருகும். மத்தியானத்துக்கு மேல மழ கழுவிரும்."

அதே நேரம்தான் இராமையாவுக்கும். துடைத்து, துணி மாற்றி, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும்.

சனிக்கிழமை அவரைச் சீக்கிரமே எழுப்பி, பாதிக் கஞ்சியோடு விட்டுவிட்டு மலையேறினாள். மூன்று டாங்கி அடித்தாள். திரும்பி வந்தபோது அவர் இடுப்பெலும்பின் மேல் ஒரு சிவப்பு வட்டம். விரலால் அழுத்தினாள்; வெளுக்கவில்லை. புண்ணின் தொடக்கம் அது.

ஞாயிற்றுக்கிழமை அவரை முழுதாகக் கவனித்துவிட்டு உச்சி வெயிலில் ஒரு டாங்கி அடித்தாள். மறுநாள் அந்த நிரைகளில் இலை ஓரம் கருகியிருந்தது. திங்களும் செவ்வாயும் விடிந்ததிலிருந்து மழை. புதனும் வியாழனும் ஒவ்வொரு டாங்கியோடு இறங்கி ஓடி வந்தாள். அதற்குமேல் அவரை விட்டுவைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை துரை வந்து பார்த்துவிட்டுப் போனார். கண்டாக்கு மட்டும் நின்றார்.

"கீழ்ப்பக்கம் ஆயிரத்தி எரநூறு செடி இனி ஒங்க லயத்து வினோதாவுக்கு."

"ஆறு டாங்கி அடிச்சேனே ஐயா."

"பத்து சொன்னேன். பாக்கிச் செடியில வர்ற காசு ஒங்களுக்குப் பத்தாதுன்னா வாரத்துல மூணு நாளு பெரட்டுக்கு வாங்க. திங்கக்கிழம பேர் கூப்புடுவோம்."

"அந்த மூணு நாளும் எங்க வீட்டுக்காரர யாரு திருப்புவா?"

"அதையும் தொரகிட்டயா கேக்கச் சொல்றீங்க?"

பின்னேரம், லயத்தில் இரண்டு காம்பரா வீடு தள்ளியிருக்கும் வினோதா வாசலில் வந்து தயங்கினாள்.

"நான் கேட்டு வாங்கலக்கா. அந்த உப்ப எப்படிக் கலக்குறது?"

"செடியும் வேணும், பாடமும் வேணுமா புள்ள?" என்றாள் வீரம்மா. சொல்லியும் கொடுத்தாள். "வெதுவெதுப்பான தண்ணியில மொதல்ல கரை. துணியில வடிகட்டி டாங்கியில ஊத்து. இலைக்கு அடியிலயும் படணும்."

"ஒரு நாளைக்குக் கூட வந்து காட்டுங்களேன்."

"ஒம்போது மணிக்குள்ள நான் எங்க வர?"

வினோதா தலையாட்டிவிட்டுப் போனாள். திங்கட்கிழமைக்கு முன் இடையில் இரண்டு நாள்தான் இருந்தது. வீரம்மா உள்ளே போய் அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு குறையவில்லை. தோளுக்கடியில் ஒரு கையும் தொடைக்கடியில் ஒரு கையும் கொடுத்து, அவரை மறுபக்கம் திருப்பினாள்.