ஆசாகாஜி வாயில் தண்ணீர்

நேபாளத்து லலித்பூரில் வெண்கலக் கிண்ணம் அடிப்பவர்களில் ஆசாகாஜி கையை யாரும் குறை சொல்ல முடியாது. வாயைத்தான் தாங்க முடியாது. கிடுக்கியில் தகட்டைப் பிடித்துத் திருப்புவது அவர். மாறி மாறிச் சம்மட்டி அடிப்பது அவர் தம்பி தனலாலும் நானும்.

விடிந்தால் அவர் தங்கை மகளுக்குச் சோறூட்டு. தாய்மாமன் கிண்ணத்தில்தான் முதல் வாய். இரண்டு நாளில் மூன்று கிண்ணம் விரிசல் விட்டாயிற்று. "தாய்மாமன் எவர்சில்வர்தான் கொண்டு வருவாரோ?" என்று தங்கையின் மாமியார் கேட்டது எங்கள் தெருவரை வந்துவிட்டது.

மூன்று முறையும் ஒரே கதை. தகட்டின் சிவப்பு தெரிவதற்காக ஜன்னலில் சாக்கு கட்டிய இருட்டு அறை. தகடு சிவந்து வெளியே வரும். பத்து அடி விழுவதற்குள் அவர் கத்துவார்.

"டேய் தனா! சம்மட்டியா அடிக்கிற, ஈ ஓட்டுறியா?"

"நீ ஒழுங்கா திருப்புண்ணே முதல்ல!"

அவ்வளவுதான், ஏச்சு தொடங்கிவிடும். அது முடிவதற்குள் தகடு ஆறிக் கறுத்துவிடும். சிவப்பு போனபின் அந்த உலோகத்தில் அடி விழக்கூடாது. அது எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? ஆனால் ஏசி முடித்த வேகத்தில் "அடிங்கடா!" என்பார். அடிப்போம். விரிசல் விடும். பழி எங்களுக்கு. எனக்குச் சம்மட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது.

நான்காவது தகடு உலையில் இருந்தபோது அவர் மனைவி ஞானீமாயா ஒரு சொம்புடன் வந்தாள்.

"ஏங்க, வாயத் திறங்க. இந்தத் தண்ணிய முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. கிண்ணம் முடியுற வரைக்கும்."

முறைத்தார். ஆனால் வாயைத் திறந்தார்.

"அண்ணே, என் அடி எப்படி?" என்று தனலால் வேண்டுமென்றே கேட்டான். கன்னம் உப்ப, கண் பிதுங்க, அவர் தகட்டைத் திருப்பினார். சிவப்பு மங்கும் முன் தகடு உலைக்குத் திரும்பியது. மறுபடி வந்தது, மறுபடி போனது. சாயங்காலம் கடைசியாகச் சிவந்த கிண்ணத்தை உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஆறியதும் விரலால் சுண்டினார். நாதம் எழுந்தது, ஒலித்துக்கொண்டே இருந்தது.

அது அடங்கியபின்தான் தண்ணீரைத் துப்பினார். மகிழ்ச்சியே இல்லை அந்த முகத்தில். என் பக்கம் திரும்பினார்.

"தீர்த்தா, இருபத்தாறு வருஷமா உடைஞ்சதெல்லாம்… என் வாயாலதானா?"

எத்தனை என்று என்னால் எண்ணிச் சொல்லியிருக்க முடியும். வாயில் தண்ணீர் இல்லாமலேயே சும்மா இருந்தேன்.